பிரேஸ்கேர்டில் யார் வீட்டுப் பெயர்? அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலேயர் வீட்டுப் பெயரைத் தோண்டி நமக்கென்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ பழைய கல்லறைத் தோட்டத்தில் நின்று கல்லெழுத்தைப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர், இலங்கை மலையகத்தில் தோட்டத் துரைமார் வழியில் பெயர் பெற்றவர்கள், பிரிட்டனில் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் என்று பலருக்கும் இந்தத் தேவை வருகிறது. ஸ்மித், பிரவுன் என்றால் தேடுவது வீண்வேலை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. அரிய பெயர் என்றால் கதை வேறு. அது பெரும்பாலும் ஒரு மாவட்டத்தில், சில சமயம் ஒரே குடும்பத்தில் தொடங்கியிருக்கும். ஆகவே தடம் பிடிக்கலாம்.

வழியை விளக்க ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன்: பிரேஸ்கேர்டில் (Bracegirdle). மலையக வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மார்க் ஆன்டனி பிரேஸ்கேர்டில் லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் தேயிலைத் தொழில் பழக சின்னத்துரையாக, அதாவது தோட்டத்தின் உதவி அதிகாரியாக, இலங்கைக்கு வந்தார். மடுல்கெலைப் பக்கம் ரெலுகஸ் தோட்டத்தில் வேலை. தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை போயிற்று. இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் தேதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் பேசப் பேச, தோட்டத் தொழிலாளர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'சாமி, சாமி' என்று குரல் எழுப்பியதாக அன்றைய குறிப்பு சொல்கிறது. ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டதும், மே மாதம் தலைமை நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்ததும் இலங்கைச் சட்ட வரலாற்றில் பேர்போன வழக்கு. அந்தத் துரையின் பெயருக்கு என்ன பொருள், அது எந்த மண்ணில் முளைத்தது?

முதல் வேலை: பெயரின் மூல எழுத்தைப் பிடியுங்கள்

தமிழ்ப் பத்திரிகையிலோ பாட்டி வாய்வழியிலோ கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு தேடக் கூடாது. தமிழில் பி, எஃப், சி, எஸ், டி எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். கல்லறைக் கல், திருமணச் சான்று, தோட்டக் கணக்குப் புத்தகம், பழைய கடித உறை என ஆங்கில எழுத்திலேயே உள்ள ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுங்கள். கல்லில் சிதைந்த எழுத்துக்கு ஊகத்தில் எதையும் நிரப்ப வேண்டாம். புள்ளி வைத்துவிட்டுப் போங்கள். காலை அல்லது மாலைச் சாய்வு வெயிலில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கல்லில் சுண்ணாம்போ மாவோ பூசுகிற பழக்கம் வேண்டாம், கல் கெட்டுவிடும்.

கூடவே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள். அது ஆங்கிலப் பெயர்தானா? முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக்கை எல்லோரும் ஆங்கிலேயர் என்பார்கள். பெயர் ஸ்காட்லாந்துப் பெயர்; எடின்பரோவுக்குத் தெற்கே அதே பெயரில் ஊர் இருக்கிறது. ஆங்கிலம் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பு பேசப்பட்ட, வெல்ஷ் மொழிக்கு உறவான பழைய மொழியில் 'குயில் குன்று' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஆங்கில அகராதியோடு உட்கார்ந்தால் 'பென்னி'யில் காசும் 'குயிக்'கில் வேகமும்தான் கிடைக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்துப் பெயர்களுக்குப் பதிவேடுகளும் வேறு, நூல்களும் வேறு. இந்தக் கட்டுரை இங்கிலாந்துப் பெயர்களுக்கு மட்டும்.

இரண்டாவது: பொருளை ஊகிக்காதீர்கள்

இதை ஒரு படி என்று சொல்வதே விநோதம்தான். ஆனாலும் இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். பெயரின் இன்றைய முகத்தைப் பார்த்துப் பொருள் சொல்லக் கூடாது. ஷஃபிள்பாட்டம் என்ற பெயரைக் கேட்டுப் பிட்டத்தை ஆட்டி நடந்தவர் என்று சிரிக்காத ஆள் இல்லை. உண்மையில் அது லங்காஷையரில் பரி நகரை ஒட்டிய ஓர் இடத்தின் பெயர். 'பாட்டம்' என்றால் அந்தப் பக்கத்தில் பள்ளத்தாக்கின் அடிநிலம்; முன்பாதி ஆட்டைக் கழுவும் ஊற்றைக் குறிக்கிறது. பொருள் என்பது தேடலின் கடைசியில் கிடைக்க வேண்டியது. அதுவரை தெரிய வேண்டியவை இரண்டுதான்: இந்தப் பெயர் எங்கே இருந்தது, பழைய காலத்தில் எப்படி எழுதப்பட்டது.

மூன்றாவது: வரைபடத்தில் குறியுங்கள்

அரிய பெயரின் பலமே இதுதான். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதையும் தன்னார்வலர்கள் பெயர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைப் போட்டு, மாவட்டவாரியாக எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொழிற்புரட்சி ஆட்களை நகரங்களுக்கு இழுத்துவிட்ட பிறகும், அரிய பெயர்கள் 1881இல் தம் பழைய மண்ணைச் சுற்றியே மொய்த்துக்கொண்டிருக்கும். பிரேஸ்கேர்டிலைப் போட்டால் வடமேற்கில் செஷையரும், அதை ஒட்டிய லங்காஷையரும் நிரம்பும். லண்டனில் இருப்பவர்களைக் கண்டு ஏமாற வேண்டாம். லண்டனில் எல்லாப் பெயரும் இருக்கும்.

வசித்த இடத்தைவிடப் பிறந்த இடத்தை எண்ணுவது நல்லது. கணக்கெடுப்பில் அந்தக் கட்டமும் உண்டு.

நான்காவது: தெரிந்ததிலிருந்து பின்னோக்கி நடங்கள்

1500களில் ஒரு பிரேஸ்கேர்டிலைக் கண்டுபிடித்து அங்கிருந்து கீழே இறங்கிவருவது ஆசைக்கு நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது. நீங்கள் உறுதியாக அறிந்த கடைசி ஆளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பிறப்பு, திருமணம், இறப்புக்கான காலாண்டு அட்டவணையை ஃப்ரீபிஎம்டி தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அந்தப் பழைய அட்டவணையில் தாயின் பிறந்தகத்துப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஆனால் பதிவாளர் நாயகத்தின் அலுவலகம் பின்னாளில் புதிதாகத் தொகுத்த இணைய அட்டவணையில் 1837இலிருந்தே அது இருக்கிறது. ஒரே பெயரில் ஐந்து ஜான்கள் வரும்போது இந்த ஒரு வசதி எவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்கும் என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். அட்டவணையில் ஆளை உறுதி செய்துகொண்ட பிறகே கட்டுங்கள்.

கணக்கெடுப்புகளைப் பத்தாண்டுக்கு ஒன்றாகப் பாருங்கள். 1841இல் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆகவே 40 என்றால் 40 முதல் 44 வரை எதுவாகவும் இருக்கலாம். பிறந்த ஊரும் அதில் இராது, இதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும்தான். 1851இலிருந்து ஊர் பெயர் வருகிறது. 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்தது. 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியதும் மக்களைப் பதிந்த 1939 பதிவேடு கைகொடுக்கும்.

1837க்கு முன்னால் போனால், ஒவ்வொரு தேவாலயமும் தன் பங்குக்கு, அதாவது தன் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதிக்கு, வைத்த பதிவேடுகள்தான் கதி. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் இட்ட ஆணையால் இவை தொடங்கின. எல்லாப் பங்கிலும் அந்த ஆண்டுப் பக்கங்கள் தப்பியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல பதிவேடுகளில் ஓட்டை. ஆண்டுக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. பதிவேட்டில் 1670 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1671. திருமணம் 1670 ஏப்ரலிலும் குழந்தை 1670 பிப்ரவரியிலும் என்று பார்த்து யாருடைய நடத்தையையும் சந்தேகிக்க வேண்டாம்.

கல்லும் ஏடும் முரண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு நம் பெயரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆன் பிரேஸ்கேர்டில் லண்டன் மேடையில் பெரும்புகழ் பெற்ற நடிகை. 1748இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கிழக்குச் சுற்றுமாடத்தில் அடக்கமானார். கல்லறைக் கல் வயது 85 என்கிறது. அப்படியானால் 1663இல் பிறந்திருக்க வேண்டும். நார்தாம்ப்டன் தேவாலயப் பதிவேட்டிலோ 1671 நவம்பரில் ஞானஸ்நானம். எட்டு ஆண்டு வித்தியாசம்! இன்று வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் பெரும்பாலும் ஏட்டின் பக்கமே சாய்கிறார்கள். நிகழ்ச்சி நடந்த நாளில் எழுதியதற்கும், ஒருவர் கண்ணை மூடிய பிறகு உறவினர் சொல்லிக் கல்தச்சன் செதுக்கியதற்கும் எடை வேறு. நம் ஊர்க் கல்லறைக் கற்களுக்கும் இதே நியாயம்தான்.

ஐந்தாவது: எழுத்து வேறுபாடுகள்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆங்கிலக் குடும்பப் பெயருக்குச் சரியான எழுத்து என்று ஒன்று கிடையாது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். பெரும்பாலான தளங்கள் ஒலியொத்த பெயர்களைத் தாமே தேடித் தருவதாகச் சொல்லும். அதற்குப் பயன்படும் பழைய முறை சவுண்டெக்ஸ். முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை உதறிவிட்டு, அடுத்த மெய்களுக்கு மூன்று எண் கொடுக்கும். சி, எஸ், ஜி மூன்றுக்கும் ஒரே எண் 2. ஆருக்கு 6.

நம் பெயரைப் போட்டுப் பாருங்கள். இன்றைய எழுத்தில் பி-622 வருகிறது. சியை எஸ் ஆக்கினாலும் அதே எண், நல்லது. ஆனால் நடுவில் உள்ள ஈ எழுத்தை விட்டு 'பிராஸ்கேர்டில்' (Brasgirdle) என்று ஓர் எழுத்தர் எழுதியிருந்தால், எஸ்ஸும் ஜியும் ஒட்டிக்கொண்டு ஒரே 2 ஆகிவிடும், எண் பி-626. தளத்தின் கண்ணில் அது வேறு குடும்பம்! ஆகவே இயந்திரத்தை மட்டும் நம்பாமல், எந்த எழுத்துக்கும் ஈடாக நிற்கும் உடுக்குறி (*) போட்டுத் தேடுங்கள். முன்னால் மூன்று எழுத்து, பிறகு உடுக்குறி, கடைசியில் கேர்டிலின் பலவித எழுத்துகள் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பழைய கையெழுத்தில் நீளமாக எழுதும் எஸ், எஃப் போலத் தோன்றும். சியும் டியும் இரட்டைப் பிள்ளைகள். பெயர்த்து எழுதியவர் தவறாகப் படித்திருந்தால் நீங்களும் அந்தத் தவறான எழுத்திலேயே தேட வேண்டியிருக்கும்.

இந்தச் சள்ளைக்குக் கிடைக்கும் கூலி பெரிது. 1561 முதல் 1565 வரை ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவனில் பங்குக் குருவாக இருந்தவர் ஜான் பிரெட்ச்கேர்டில் (Bretchgirdle). 1564 ஏப்ரல் 26 அன்று அங்கே ஷேக்ஸ்பியருக்கு ஞானஸ்நானம் நடந்தது. கொடுத்தவர் இவராகத்தான் இருக்க வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வரும் முன் அவர் இருந்தது விட்டனில், அதாவது நம் வரைபடம் காட்டிய அதே செஷையரில். அவர் பெயரின் சவுண்டெக்ஸ் எண் பி-632, ஏனென்றால் நடுவில் ஒரு 'ட்' புகுந்துவிட்டது. எந்தத் தளமும் தானாக அவரைக் கொண்டுவந்து காட்டாது. ஆனால் பெயரின் பொருளுக்கான சாவி அவருடைய எழுத்தில்தான் இருக்கிறது: 'பிரேஸ்' அல்ல, 'பிரெட்ச்'.

போகிற போக்கில் ஒன்று. ஷேக்ஸ்பியரின் பதிவு உள்ள அந்த ஏடும் மூலம் அல்ல, 1600 வாக்கில் எடுத்த நகல். பழைய காகித ஏடுகளைத் தோல் ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும் என்று 1598இல் உத்தரவானது. ஆகவே அந்த ஆண்டுக்கு முந்தைய பதிவு எதுவும் சீராக ஒரே கையெழுத்தில் இருந்தால், நகல் எடுத்தவரின் எழுத்துப் பழக்கமும் அதில் கலந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

ஆறாவது: பதிவேடுகளுக்கும் முன்னால்

1538க்கு முன்னால் சாதாரண மக்களின் பெயர் கிடைப்பது வரிப் பட்டியலிலும் நீதிமன்றச் சுருளிலும் உயிலிலும்தான். 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்கள் பெயர் ஆய்வாளர்களுக்குப் பொற்குவியல், அச்சிலும் வந்துவிட்டன. ஆனால் செஷையர்ப் பெயரைத் தேடுகிறவர் அங்கே போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். செஷையர் தனி அதிகாரம் கொண்ட கோமகன் மாவட்டமாக இருந்ததால் அந்த வரிகள் அதற்கு இல்லை. பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஆள் இல்லை என்று பொருள் அல்ல; முதலில் அந்த மாவட்டத்துக்கு அந்தப் பட்டியல் உண்டா என்று பாருங்கள். செஷையருக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தனித் தொகுதிகளும், 1545 முதல் செஸ்டரில் நிரூபிக்கப்பட்ட உயில்களும் உண்டு. உயில் அட்டவணைகளை லங்காஷையர் செஷையர் ஆவணக் கழகம் அச்சிட்டிருக்கிறது. பல தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

ஏழாவது: இப்போது அகராதியைத் திறக்கலாம்

2016இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட பிரிட்டன் அயர்லாந்துக் குடும்பப் பெயர் அகராதி நான்கு தொகுதி. நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பழைய எழுத்துகளை ஆண்டு, ஊரோடு கொடுப்பதுதான் அதன் சிறப்பு. வாங்கினால் கை கடிக்கும். பிரிட்டனில் உறவினர் இருந்தால், அவர்களுடைய பொது நூலக அட்டை எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே இணையத்தில் திறக்க முடிகிறதா என்று கேளுங்கள். பல நூலகங்கள் இந்த வசதியைத் தருகின்றன. 1901இல் வந்த பார்ட்ஸ்லியின் அகராதி இலவசம். பழையதுதான், ஆனாலும் எடுத்துக்காட்டுகளுக்கு உதவும். 'உங்கள் பெயரின் வரலாறு' என்று சட்டம் போட்டு விற்கும் தளங்களைத் தொடவே வேண்டாம்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் நான்கு வகை: ஊர், தந்தை பெயர், தொழில், பட்டப்பெயர். பிரேஸ்கேர்டில் தொழில் வகை. இடைக்கால ஆங்கிலத்தில் 'பிரெச்' என்றால் ஆண்கள் அணிந்த உள்கால்சட்டை, தொளதொளவென்ற துணி. 'கேர்டில்' என்றால் இடுப்பு வார். அந்தத் துணியை இடுப்பில் நிறுத்துவது பிரெச்கேர்டில், நம் கோவணத்துக்கு அரைஞாண் போல. பணப்பையைத் தொங்கவிட்டதும் அதில்தான். அந்த வாரைச் செய்து விற்றவருக்கு அவர் செய்த பொருளின் பெயரே பெயராயிற்று. பிற்காலத்தில் அந்த உடுப்பு வழக்கொழிந்து, முன்பாதி யாருக்கும் விளங்காமல் போய், தெரிந்த சொல்லான 'பிரேஸ்' வடிவத்துக்கு அது நழுவியது. இன்று தோளில் மாட்டும் பட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்படிக் கிடைத்த பொருளை ஒருமுறை உரசிப் பாருங்கள். அப்படி ஒரு தொழில் உண்மையில் இருந்ததா? இருந்தது. லண்டனில் வார் செய்பவர்களுக்கு மூன்றாம் எட்வர்டு 1327இலேயே அரச முத்திரைக் கடிதம் கொடுத்திருக்கிறார். அவர்களின் சங்கம் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல் வழங்கியதா என்பதையும் இடைக்கால ஆங்கில அகராதியில் பாருங்கள். மிஷிகன் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தொழிலும் சொல்லும் பழைய எழுத்தும் பொருந்திவந்தால் நம்பலாம். ஒன்று இடித்தாலும் 'இருக்கலாம்' என்று எழுதிவையுங்கள்.

பெயர் வேறு, ரத்தம் வேறு

பெயரின் மூலம் தெரிந்துவிட்டால் நம் ஆளின் மூலமும் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கம்பர்பாட்ச் என்ற பெயர் செஷையரின் கம்பர்பாக் என்ற கிராமத்தால் வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை பார்படோஸில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தது; விடுதலைக்குப் பின் முன்னாள் அடிமைகளின் வாரிசுகள் பலரும் அதே பெயரைச் சுமந்தார்கள். தத்து, மனைவி வழிப் பெயர், மணம் செய்யாத தாய் தந்த பெயர் எல்லாம் இங்கிலாந்திலேயே சாதாரணம். ஆண்வழி மரபணுப் பரிசோதனை இந்த இடத்தில் உதவும். அரிய பெயர்க்காரர்கள் ஒரே முன்னோரைப் பகிர்வதற்கான வாய்ப்பு, பொதுப் பெயர்க்காரர்களைவிட மிக அதிகம் என்று லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உறவினர் முகத்தில் விழிக்க முடியாத சேதியும் அதில் வரலாம். வீட்டில் பேசிவிட்டு எச்சில் குப்பியை அனுப்புங்கள்.

குடும்பச் சின்னம் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஆங்கில மரபில் சின்னம் ஒரு பெயருக்குக் கிடையாது, ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுக்கும்தான்.

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள முனை

உங்கள் ஆள் சென்னை மாகாணத்தில் இருந்தவர் என்றால் வேலை பாதி எளிது. இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னைக்கு என்/2 என்ற வரிசை. பெருமளவு ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாக உண்டு, கட்டணத்தோடு. ஃபிபிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடுதளம் இலவசம். கல்லறைக் கற்களுக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்த சென்னை மாகாணக் கல்லெழுத்துப் பட்டியலைப் பாருங்கள். இன்று தேய்ந்துபோன பல எழுத்துகள் அன்று தெளிவாக இருந்தன.

இலங்கைக்கு இந்த வழி உதவாது. 1802இலிருந்து அது கம்பெனி கையில் இல்லாத தனி முடியாட்சிக் குடியேற்றம். ஆகவே இந்திய அலுவலக ஆவணங்களில் தோட்டத் துரைமாரைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தையும், அந்தந்த மலைத்தோட்டத் தேவாலயத்தின் ஏடுகளையும்தான் நாட வேண்டும். தேவாலயத்துக்குக் கடிதம் எழுதும்போது பெயரை மட்டும் கொடுத்துத் தேடித் தரச் சொல்லாதீர்கள். தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த ஐந்தாண்டு, ஞானஸ்நானமா அடக்கமா என்பதையும் குறிப்பிட்டால் ஏட்டைப் புரட்டுகிறவருக்கு அரை மணி நேர வேலை. கல்லறைகளுக்கு பென்ரி லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லெழுத்துத் தொகுப்பு உண்டு, அதுவும் இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது.